டியூப் எப்போது எடுப்பார்கள்? குறைமாதக் குழந்தை வாயால் பால் குடிக்கப் பழகும் விதம்

என்ஐசியூ (பச்சிளங்குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) வாசலில் காத்திருக்கும் அப்பா அம்மாவிடம் பெரும்பாலும் இரண்டு கேள்விகள்தான் இருக்கும். எடை எவ்வளவு ஏறியிருக்கிறது, மூக்கு அல்லது வாய் வழியே வயிற்றுக்குப் பால் கொண்டுபோகும் டியூபை எப்போது எடுப்பார்கள். முதல் கேள்விக்கு நர்ஸ் ஒரு எண்ணைச் சொல்லிவிடுவார். இரண்டாவதற்கு "பார்க்கலாம்மா, குழந்தை குடிக்கட்டும்" என்றுதான் பதில் வரும். மழுப்புகிறார்கள் என்று நினைத்துக் கோபப்படுபவர்கள் உண்டு. ஆனால் நாள் குறித்துச் சொல்ல முடியாத விஷயம்தான் அது. ஏன் முடியாது என்று புரிந்துவிட்டால் அந்தக் காத்திருப்பில் பாதி பதற்றம் குறையும், அந்த நாட்களில் செய்ய வேண்டிய வேலையும் என்ன என்று தெரியும்.

29, 30 வாரத்தில் பிறந்த குழந்தைக்குச் சப்பவும் விழுங்கவும் தெரியாது என்று பலரும் நினைக்கிறார்கள். தெரியும். கருப்பையில் நான்காவது மாதத்துக்குள்ளேயே பனிக்குட நீரை விழுங்க ஆரம்பித்துவிடுகிறது, விரல் சப்புவதை ஸ்கேனிலேயே பார்க்கலாம், நிறைமாதம் நெருங்கும்போது நாளுக்கு அரை லிட்டருக்கும் மேல் அந்த நீரை விழுங்கிக்கொண்டிருக்கும். உள்ளே இருக்கும்வரை அதற்கு இல்லாத வேலை ஒன்றே ஒன்றுதான், மூச்சு விடுவது. ஆக்சிஜன் எல்லாம் தொப்புள்கொடி வழியே வந்துவிடும். எத்தனை மடக்கு வேண்டுமானாலும் நிறுத்தாமல் விழுங்கலாம், ஒன்றும் ஆகாது. வெளியே வந்த பிறகுதான் சிக்கலே. ஏனென்றால் தொண்டை ஒரு லெவல் கிராசிங் மாதிரி, பால் போகும் பாதையும் காற்று போகும் பாதையும் அங்கே குறுக்கே வெட்டுகின்றன, ஒன்று போகும்போது மற்றொன்றுக்கு கேட் போட்டே ஆக வேண்டும். ஒவ்வொரு முறை விழுங்கும்போதும் மூச்சு ஒரு கணம் நிற்கிறது.

நிறைமாதத்தில் பிறந்த குழந்தை இதைச் சிரமமில்லாமல் செய்யும். ஏறக்குறைய நொடிக்கு ஒரு உறிஞ்சல், ஒரு விழுங்கல், ஒரு மூச்சு என்று பத்து இருபது முறை தொடர்ந்து போகும், சின்ன ஓய்வு எடுக்கும், மறுபடி ஆரம்பிக்கும். குறைமாதக் குழந்தை மூன்று, நான்கு முறை சப்பிவிட்டு நிறுத்திவிடும். அல்லது அதைவிட மோசமாக, மூச்சை அடக்கிக்கொண்டே வரிசையாக விழுங்கிவிட்டு அப்புறம் மூச்சு வாங்கும். மானிட்டரில் சாச்சுரேஷன் (ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு) இறங்குவதும் இதயத்துடிப்பு குறைவதும் அலாரம் அடிப்பதும் இந்த இடத்தில்தான். சப்புவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் கோத்துத் தாளம் போடுகிற வேலை மூளைத்தண்டில் நடக்கிறது. அந்த ஒருங்கிணைப்பு 32 முதல் 34 வாரத்தில் கைகூடத் தொடங்கி 36, 37 வாரம் வரை தேறிக்கொண்டே இருக்கும். மருந்து கொடுத்து இதை வேகப்படுத்த முடியாது.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். புரை ஏறினால் குழந்தை இருமும், இருமினால் நமக்குத் தெரிந்துவிடும் என்று நாம் நம்பியிருப்போம். குறைமாதக் குழந்தை பல நேரம் இருமாது. பால் குரல்வளையைத் தொட்டால் மூச்சை நிறுத்திவிடும், இதயத்துடிப்பு இறங்கும், உதட்டைச் சுற்றி நீலம் படரும். சத்தமே இல்லாமல் நுரையீரலுக்குள் பால் போகவும் வாய்ப்பு உண்டு. டியூப் இருப்பது இதற்காகத்தான். குழந்தைக்கு ஏதோ பெரிய வியாதி என்பதற்கு அது அடையாளம் இல்லை. மூச்சும் விழுங்கலும் சேரும்வரை வயிற்றுக்குப் பால் போய்ச் சேர ஒரு மாற்றுப் பாதை, அவ்வளவுதான்.

சரி, எந்த வாரத்தில் என்ன? வாரக் கணக்கு என்பது அம்மாவின் கடைசி மாதவிடாயிலிருந்து போடுவது. 29 வாரத்தில் பிறந்து 4 வாரம் ஆன குழந்தைக்கு இன்றைக்கு 33 வாரம். இந்திய மருத்துவமனைகளில் பொதுவாகப் பின்பற்றும் வரிசை இப்படி இருக்கும்: 28 வாரத்துக்குள் பிறந்தால் ஆரம்பத்தில் ரத்தக்குழாய் வழியே திரவம், 28 முதல் 31 வரை டியூப், 32 முதல் 34 வரை பாலாடை என்னும் சின்னக் கிண்ணம், 34-க்கு மேல் நேரடியாகத் தாய்ப்பால். இது ஒரு சராசரி, நல்ல சராசரிதான். ஆனால் நடைமுறையில் இதைப் பரீட்சைத் தேதி மாதிரி பார்க்க ஆரம்பித்துவிடுகிறோம். 34 ஆகவில்லையா, மார்பில் போடவே கூடாது. 34 ஆகிவிட்டதா, ஏன் இன்னும் குடிக்கவில்லை? இரண்டுமே தப்பு. சுவீடனின் உப்சாலாவில் கெர்ஸ்டின் நைக்விஸ்ட் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், 26 முதல் 31 வாரத்துக்குள் பிறந்த 15 குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்தார்கள். 29 வாரத்திலேயே மார்பைத் தேடித் திரும்புவதும் சப்புவதும் சிலரிடம் தெரிந்தது. முழுக்கத் தாய்ப்பாலுக்கு மாறியது சிலருக்கு 32 வாரத்தில், சிலருக்கு 38 வாரத்தில், நடுவே நிற்பது 35. சின்ன ஆய்வு, அம்மாக்கள் நாள் முழுக்கக் குழந்தையோடு இருக்க வசதியுள்ள நாடு, அதையெல்லாம் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். இருந்தாலும் குழந்தைக்குக் குழந்தை ஆறு வாரம் வித்தியாசம் வரலாம் என்பதைக் கவனியுங்கள். பக்கத்துப் படுக்கைக் குழந்தையோடு ஒப்பிட்டு அழுவதில் அர்த்தமே இல்லை.

டியூபில் இருக்கும் நாட்களைச் சும்மா காத்திருக்கும் நாட்களாக நினைப்பதுதான் நம் ஊரில் நடக்கும் பெரிய நஷ்டம். வாய்க்கான தயாரிப்பு எல்லாம் அந்த நாட்களில்தான் நடக்கிறது.

முதலாவது பால். குழந்தை சப்பாவிட்டாலும் மார்பிலிருந்து பால் வெளியேறிக்கொண்டே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சுரப்பு நின்றுவிடும். பிறந்த சில மணி நேரத்திலேயே ஆரம்பித்து, ஒரு நாளில் எட்டு முறையாவது, இரவிலும் சேர்த்து, கையால் பீய்ச்சியோ பம்ப் வைத்தோ எடுக்க வேண்டும். முதல் நாள் நாலு சொட்டுச் சீம்பால்தான் வரும், வரட்டும், அதைத்தான் பஞ்சிலோ சிரிஞ்சிலோ குழந்தையின் கன்னத்துக்குள் தடவி வாய்க்கு முதல் ருசி காட்டுகிறார்கள். வாய் வழியே டியூபும் பிளாஸ்டரும் உறிஞ்சுகுழாயும் மட்டுமே வந்துபோய்க்கொண்டிருந்தால், அந்தக் குழந்தைக்கு வாய் என்றாலே தொல்லை வரும் இடம் என்று பதிந்துவிடும். பின்னாளில் எதை வாயருகே கொண்டுபோனாலும் முகத்தைத் திருப்பும் குழந்தைகளில் சிலருடைய கதை இங்கே தொடங்குகிறது.

இரண்டாவது கங்காரு முறை. 1978-இல் கொலம்பியாவின் பொகோட்டாவில் இன்குபேட்டர் போதாமல், எட்கர் ரே என்ற மருத்துவர் குழந்தைகளை அம்மாவின் மார்போடு, தோலோடு தோலாகக் கட்டிவைக்க ஆரம்பித்தார். வேறு வழியில்லாமல் செய்தது. இன்றைக்கு அதுதான் முதல்தரச் சிகிச்சை. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா ஐந்து நாடுகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வில், 1 கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் இடைப்பட்ட குழந்தைகளை நிலைப்படும்வரை காத்திருக்காமல் பிறந்தவுடனேயே இப்படி அணைத்து வைத்தபோது முதல் 28 நாளில் இறப்பு 25 சதவீதம் குறைந்தது. அடுத்த ஆண்டே உலக சுகாதார நிறுவனம் அதைப் பரிந்துரையாகவும் எழுதிவிட்டது. பால் குடிக்கப் பழகுவதற்கும் இது நேரடியாக உதவும். மார்பில் படுத்திருக்கும் குழந்தை பால் வாசனையை முகர்ந்து தலையை ஆட்டித் தேடும், நக்கும், காம்பை வாயில் வைத்துவிட்டுத் தூங்கிப்போகும். டியூபில் பால் போகிற நேரத்தையே இதற்குப் பயன்படுத்தலாம். சிரிஞ்சின் பிஸ்டனை எடுத்துவிட்டு, உயரத்தில் பிடித்து, பால் தன் எடையில் தானே இறங்கும்படி விட்டு, அதே நேரம் குழந்தையை மார்பில் வைத்திருந்தால், வாயில் சப்புவதும் வயிறு நிரம்புவதும் ஒன்றோடு ஒன்று சேர்ந்தவை என்று அதற்குப் பழகும்.

பால் முழுக்கப் பீய்ச்சி எடுத்த மார்பில் சப்ப விடுவதும் அந்த வகைதான். விழுங்க ஒன்றும் இருக்காது என்பதால் புரையேறும் பயம் மிகக் குறைவு, சப்பும் பயிற்சி மட்டும் கிடைக்கும். வாய்க்கு மசாஜ் மாதிரி செய்யும் பயிற்சிகளும் உண்டு. ஃபூசில், கிசெல், லாவ் மூவரும் 2002-இல் வெளியிட்ட ஆய்வு இதில் பேர்போனது. தினமும் 15 நிமிடம், 10 நாளைக்குக் கன்னம், உதடு, ஈறு, நாக்கு என்று தடவிக் கடைசியில் கொஞ்சம் சப்ப விட்ட குழந்தைகள் வாய்வழி ஆரம்பித்த 11 நாளில் முழுக்க வாய்க்கு மாறினார்கள். செய்யாத குழந்தைகளுக்கு 18 நாள் ஆனது. ஆனால் மருத்துவமனையில் இருந்த மொத்த நாட்கள் குறையவில்லை. ஏன் என்று யோசித்தால் புரியும், வீட்டுக்கு அனுப்ப வாய் மட்டும் தயாரானால் போதாதே, எடை, உடல் சூடு, மூச்சு எல்லாம் தேற வேண்டும். இந்த மசாஜை வீடியோ பார்த்து நீங்களாகச் செய்ய வேண்டாம். தெரிந்த நர்ஸோ தெரபிஸ்டோ சொல்லிக்கொடுத்து, கை கழுவி, குழந்தை விழித்திருக்கும்போது செய்வது.

அப்புறம் பாலாடை. ஒரு பக்கம் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், நம் வீடுகளில் மருந்து புகட்டும் சங்கு இருக்கிறதே, அந்தக் குடும்பம். மேல்நாட்டு என்ஐசியூக்களில் டியூபுக்கும் மார்புக்கும் நடுவே பாட்டில் இருக்கும். இங்கே அந்த இடத்தில் பாலாடை இருக்கிறது. பாட்டிலைச் சுத்தமாக வைப்பது கஷ்டம், வயிற்றுப்போக்கு வந்தால் இத்தனை சின்னக் குழந்தை தாங்காது. பாட்டில் விளம்பரத்தையும் விற்பனைத் தூண்டலையும் தடுக்க 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. பாட்டிலைத் தவிர்த்துக் கப்பில் கொடுத்தால் வீட்டுக்குப் போகும்போது முழுத் தாய்ப்பாலில் இருக்கும் குழந்தைகள் அதிகம் என்று வெளிநாட்டு ஆய்வுகளே சொல்கின்றன. அதே சமயம் ஆஸ்திரேலியாவில் நடந்த ஒரு ஆய்வில் கப் குழந்தைகள் சுமார் 10 நாள் கூடுதலாக மருத்துவமனையில் தங்க வேண்டியிருந்தது என்பதையும் மறைக்கக் கூடாது.

பாலாடையில் எனக்கு இருக்கும் மனக்குறை கருவி மேல் இல்லை, புகட்டும் விதத்தின் மேல். குழந்தையை ஓரளவு நிமிர்த்திப் பிடித்து, பாலாடையின் மூக்குப் பகுதியைக் கீழுதட்டில் வைத்து, வாயோரமாகச் சொட்டுச் சொட்டாக விட்டு, விழுங்கியதா என்று பார்த்து, மூச்சு விட்டதா என்று பார்த்து, அப்புறம் அடுத்த சொட்டு. ஒரு வேளைக்கு இருபது நிமிடம் பிடிக்கலாம். ஒரு நர்ஸுக்கு எத்தனையோ குழந்தைகள் இருக்கும் வார்டில், அல்லது "சீக்கிரம் புகட்டு, ஆறிப்போகுது" என்று பாட்டி அவசரப்படுத்தும் வீட்டில், அது நாக்கின் மேல் ஊற்றுவதாக மாறிவிடுகிறது. ஊற்றினால் குழந்தை விழுங்கித்தான் ஆக வேண்டும், மூச்சு விட இடம் கொடுக்காமல். இன்னொரு விஷயம், பாலாடை விழுங்கப் பழக்கும், சப்பப் பழக்காது. அதனால் பாலாடையில் முழு அளவும் குடிக்கட்டும், அதற்கப்புறம் மார்புக்குப் போகலாம் என்று வரிசைகட்டி வைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. குழந்தை நிலையாக இருந்தால் டியூபில் இருக்கும்போதே மார்பும் கூடவே நடக்க வேண்டும், எவ்வளவு குடிக்கிறது என்ற கணக்கே இல்லாமல்.

கணக்கு என்றதும் அதையும் பார்த்துவிடலாம். ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் கிலோவுக்கு 160 மில்லி என்று வைத்தால் நாளுக்கு 240 மில்லி. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை என்றால் வேளைக்கு 20 மில்லி. அதில் 8 மில்லி வாயால் குடித்துவிட்டுத் தூங்கிவிட்டால் மீதி 12 டியூபில் போகும். அம்மாவுக்கு அது தோல்வியாகத் தெரியும். உண்மையில் அந்த 8 மில்லியை மூச்சு தடுமாறாமல், நிறம் மாறாமல் குடித்திருந்தால் அது நல்ல வேளை. 20-ஐயும் குடித்து நடுவில் இரண்டு முறை சாச்சுரேஷன் இறங்கியிருந்தால் அது மோசமான வேளை. எவ்வளவு குடித்தது என்பதைவிட எப்படிக் குடித்தது என்று கேளுங்கள். பல என்ஐசியூக்கள் இப்போது மில்லி கணக்கைத் துரத்துவதை விட்டுக் குழந்தையின் சைகையைப் பார்த்துப் புகட்டும் முறைக்கு மாறிக்கொண்டிருப்பது இதனால்தான்.

சைகை என்றால், தயார் என்று சொல்லும் சைகை: தானாக விழித்திருக்கும், கையை வாய்க்குக் கொண்டுபோகும், தலையைத் திருப்பித் தேடும், நாக்கை நீட்டும். போதும் என்று சொல்லும் சைகை: விரல்களை விறைப்பாக விரிக்கும், புருவம் சுருங்கும், கண்ணை இறுக மூடும், மூக்குத்துவாரம் விரியும், வாயோரம் பால் வழியும், விக்கல் வரும், உடம்பு தொய்ந்துபோகும். இதில் ஏதாவது வந்தால் உடனே நிறுத்தி ஓய்வு கொடுக்க வேண்டும், தேறவில்லை என்றால் மீதியை டியூபில் விட்டுவிட வேண்டும். மூச்சே நிமிடத்துக்கு 60, 70-ஐத் தாண்டி வாங்கிக்கொண்டிருந்தால் அந்த வேளையை முழுக்க டியூபிலேயே கொடுப்பதுதான் நல்லது. உள்ளங்காலைச் சுண்டுவது, கன்னத்தை அழுத்துவது, தாடையைப் பிடித்து ஆட்டுவது, வாயிலிருக்கும் நிப்பிளைத் திருகுவது எல்லாம் இன்னும் நாலு மில்லியை உள்ளே தள்ளும், உண்மைதான். கூடவே குடிப்பது என்றாலே பயம் என்பதையும் தள்ளிவிடும்.

மார்பில் போடும்போது சில நுணுக்கங்கள். தலையையும் கழுத்தையும் கையால் தாங்கி, குழந்தையின் உடம்பு முழுக்க உங்கள் பக்கம் திரும்பியிருக்க வேண்டும், அக்குளுக்கடியில் வைத்துப் பிடிப்பது சின்னக் குழந்தைக்கு வசதி. பால் வேகமாகப் பீறிட்டு வருகிறவர்கள் முதல் வேகத்தைப் பீய்ச்சி எடுத்துவிட்டுக் கொடுக்கலாம். நாலைந்து முறை சப்பிவிட்டு நிறுத்தினால் நிறுத்தட்டும், அது மூச்சு எடுக்கிற நேரம், தட்டி எழுப்பக் கூடாது. எவ்வளவு குடித்தது என்று தெரிந்தே ஆக வேண்டுமென்றால், உடுப்பும் நாப்கினும் மாற்றாமல் குடிப்பதற்கு முன்னும் பின்னும் துல்லியமான தராசில் எடை போடலாம், ஒரு கிராம் ஏறக்குறைய ஒரு மில்லி. இதை ஒவ்வொரு வேளையும் செய்து அம்மாவை வதைக்க வேண்டியதில்லை.

வாய்வழிக் குடிப்பு கூடக்கூட டியூப் அளவைக் குறைத்துக்கொண்டே வருவார்கள். மூக்கு டியூப் ஒரு நாசியை அடைத்துக்கொண்டிருக்கும், இந்தக் குழந்தைகள் பெரும்பாலும் மூக்கால்தான் மூச்சு விடுகின்றன, வாய் டியூபோ மார்பைக் கவ்வுவதற்கு இடைஞ்சல், ஆகவே கடைசிக் கட்டத்தில் டியூபை எடுத்துவிட்டுப் பார்த்தால் திடீரென்று நன்றாகக் குடிக்கும் குழந்தைகளும் உண்டு. எடுத்தபின் மறுபடி போட வேண்டி வந்தால் அது பின்னடைவு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், சளியோ தொற்றோ ஊசி போட்ட களைப்போ போதும் இரண்டு நாள் பின்னால் போக. டியூபோடு வீட்டுக்கு அனுப்பி, வீட்டிலேயே பெற்றோர் டியூபில் புகட்டும் ஏற்பாடு சுவீடன் போன்ற நாடுகளில் இருக்கிறது. நம்மூரில் பொதுவாக வாயால் முழுக்கக் குடித்து, சில நாள் தொடர்ந்து எடை ஏறி, உடல் சூடு நின்ற பிறகுதான் டிஸ்சார்ஜ்.

வீட்டுக்கு வந்ததும் வேறு வகைத் தலைவலி. சேனை வைக்கிறேன் என்று தேனும் சீனித் தண்ணீரும், கழுதைப்பாலும், சங்கில் கிரைப் வாட்டரும், தொக்கம் எடுக்கிறேன் என்று வாய்க்குள் ஊதுவதும் அன்போடுதான் வரும். விழுங்கலும் மூச்சும் இப்போதுதான் ஒன்று சேர்ந்திருக்கும் குழந்தைக்கு இதில் எதுவும் வேண்டாம், பெரியவர்கள் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை, டாக்டர் திட்டுவார் என்று பழியை டாக்டர் மேல் போட்டுவிடுங்கள். பசித்தால் அழும் என்றும் காத்திருக்காதீர்கள். நிறைமாதக் குழந்தை அழும், இது தூங்கிவிடும். நிறைமாதக் கணக்கை எட்டும்வரை இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நீங்கள்தான் எழுப்ப வேண்டும். குடிக்கும்போது நீலம் பாய்ந்தாலோ, குடித்தபின் மூச்சில் கரகரப்பு தொடர்ந்து கேட்டாலோ, முந்தின நாள் வரை நன்றாகக் குடித்தது திடீரென்று குடிக்க மறுத்தாலோ, காத்திருக்காமல் கிளம்பிவிடுங்கள். கடைசியாகச் சொன்னது பல நேரம் தொற்றின் முதல் அறிகுறி.

நிறைமாதத் தேதியே தாண்டிவிட்டது, இன்னும் டியூபுதான் என்ற நிலையும் வரும். நீண்ட நாள் வென்டிலேட்டரிலும் சிபாப்பிலும் (மூக்கு வழியே அழுத்தத்தோடு காற்று கொடுத்து மூச்சுக்கு உதவும் கருவி) இருந்து நுரையீரல் தழும்பேறிய குழந்தைகளுக்கும், மூளையில் ரத்தக்கசிவு வந்தவர்களுக்கும், குடல் அறுவைச் சிகிச்சை நடந்தவர்களுக்கும் வாரங்கள் கூடும். சிபாப் இருக்கும்போதே வாய்வழி ஆரம்பிக்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. இந்தக் கட்டத்தில் விழுங்குதலைப் பரிசோதிக்கத் தெரிந்த பேச்சு சிகிச்சையாளர் இருக்கிறாரா என்று கேளுங்கள். எக்ஸ்ரே வீடியோவில் பால் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கும் பரிசோதனை பெரிய மருத்துவமனைகளில் இருக்கிறது. புரையேறாமல் இருக்கப் பாலைக் கெட்டியாக்கிக் கொடுக்கலாமே என்று யாராவது யோசனை சொல்வார்கள், அதை நீங்களாகச் செய்துவிடாதீர்கள். அப்படிக் கெட்டியாக்கும் ஒரு பொருளைப் பயன்படுத்திய குறைமாதக் குழந்தைகளுக்குக் குடல் அழுகல் நோய் வந்ததைப் பார்த்து, 37 வாரத்துக்கு முன் பிறந்தவர்களுக்கு அதைக் கொடுக்காதீர்கள் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2011-இல் எச்சரித்தது.